எது சட்டப் புத்தகம்?



யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவருடைய பெயர் அழைப்பிதழிலும் இந்த நூலின் அட்டையிலும் இருக்கிறது. இந்த உரையில் அவரை 'அய்யா' என்றே சொல்லப்போகிறோம். அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம். அவர் விட்டுச்சென்றவை மூன்று டிரங்குப் பெட்டிகள். உள்ளே வழக்குக் கட்டுகள்: குற்றப்பத்திரிகை நகல்கள், சாட்சி வாக்குமூலங்கள், செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்புகளின் சான்றிட்ட நகல்கள், ஓரங்களில் அவர் கையால் எழுதிய குறிப்புகள். பெரும்பாலும் வன்கொடுமை வழக்குகள். சில நிலத் தகராறுகள். சில, பொதுக் கிணற்றிலும் பொதுப் பாதையிலும் தொடங்கிய சிறிய வழக்குகள்.

அய்யா மறைந்தபின் நாங்கள் இந்தப் பெட்டிகளை ஒரு சட்டக் கல்வி நிறுவனத்தின் நூலகத்துக்குக் கொடுக்கலாம் என்று போனோம். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. வேறு எங்கே போயிருந்தாலும் அதே பதில்தான் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறோம். நூலகர் மரியாதையாகவே பேசினார், உட்காரவைத்தார், தேநீர் வரவழைத்தார். பிறகு சொன்னார்: "இதெல்லாம் புத்தகம் இல்லீங்களே. பதிவேட்டுல எந்தத் தலைப்புல ஏத்துறது? விலை என்னன்னு போடுறது?"

அவர் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டது உண்மையான கேள்வி. ஒரு சட்ட நூலகம் எதை வாங்குகிறது, எதை வாங்குவதில்லை, எதை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்கிறது? இதையெல்லாம் யார், எப்போது, எப்படி முடிவுசெய்தார்கள்? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து கொஞ்சம் படித்தோம். படித்ததைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

சென்னையில் சட்டக் கல்வி 1855இல் மாநிலக் கல்லூரிக்குள் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. முதல் சட்டப் பேராசிரியர் ஜான் புரூஸ் நார்ட்டன். 1891இல் அது தனிக் கல்லூரி ஆனது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் அதற்கென்று கட்டப்பட்ட செங்கல் கட்டடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துச் சட்ட அலமாரி எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை. அன்றைய நீதிமன்றங்கள் எவற்றை மேற்கோள் காட்டினவோ அவை இருக்கும். இங்கிலாந்துத் தீர்ப்புகள், சட்டத் தொகுப்புகள், 'இந்து சட்டம்' என்ற பெயரில் ஒரு வரிசை. அந்த வரிசையின் தலைமாட்டில் மனு. வில்லியம் ஜோன்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1794இல் கல்கத்தாவில் அச்சானது. வடமொழி தெரிந்த சிலரின் வீட்டுச் சுவடியாக இருந்த ஒன்று, அச்சாகி, ஆங்கிலமாகி, நீதிபதியின் மேசைக்கு வந்து, பிறகு மாணவனின் பாடப் புத்தகமாக ஆனது. சேரியில் பிறந்தவன் வாசிக்கவே கூடாது என்று சொன்ன நூல் அவன்மீது செல்லுபடியாகும் சட்டமாகவும் ஆனது. இந்த மாற்றத்தில் நூலகத்துக்கும் பங்கு உண்டு. அலமாரியில் 'சட்டம்' என்ற பலகைக்குக் கீழே ஒரு புத்தகத்தை வைப்பதே அதற்குப் பாதி அதிகாரம் கொடுத்துவிடுகிறது.

அந்த நாளிலேயே இதை மறுத்த ஒருவர் இருந்தார். மதுரை நாட்டைப் பற்றி 1868இல் பெரிய நூல் எழுதிய ஜே. எச். நெல்சன். சிவில் சர்வீஸ்காரர், நீதிபதியாகவும் இருந்தவர். நம்முடைய ஆள் என்று கொண்டாட அவரிடம் ஒன்றும் இல்லை. ஆனால் 1877இல் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும் இந்து சட்டத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஒரு அடிப்படைக் கேள்வியைக் கேட்டது. வடமொழி நூல்களில் இருக்கும் விதிகளைத் தென்னாட்டின் பிராமணரல்லாத பெருந்திரளான மக்கள்மீது எதற்காகச் சுமத்துகிறீர்கள், அவர்களுடைய வழக்கங்கள் என்னவென்று யாராவது போய்ப் பார்த்தீர்களா என்பதே அந்தக் கேள்வி. உயர் நீதிமன்ற நீதிபதி இன்னஸ் அவரை மறுத்து ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டு, 1878இல், ஜான் டி. மெய்ன் எழுதிய இந்து சட்டமும் வழக்கமும் பற்றிய நூல் சென்னையில் வந்தது. மெய்னுக்கும் அதே சந்தேகங்களில் சில இருந்தன. ஆனாலும் வக்கீலுக்கு வாதாட உதவும் வடிவத்தில், தலைப்பு வாரியாக, வழக்குகளைக் கோத்து எழுதினார். மெய்ன் இன்றுவரை பதிப்புமேல் பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. எந்தச் சட்டக் கல்லூரியிலும் இருக்கும். நெல்சனைத் தேடினால் ஆவணக் காப்பகத்துக்கோ பழைய பெருநூலகத்துக்கோ போகவேண்டும். ஒரு நூல் நாளைய வழக்கில் எடுத்துக்காட்டப் பயன்படும். இன்னொன்று அந்த வழக்கே சரியான அடித்தளத்தில் நிற்கிறதா என்று கேட்கும். சட்ட நூலகம் முதல் வகையைத்தான் திரும்பத் திரும்ப வாங்கியது.

இனி தீர்ப்புத் தொகுதிகளுக்கு வருவோம். சட்ட நூலகத்தில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பவை அவைதாம். 1875இல் இந்தியச் சட்ட அறிக்கைகள் சட்டம் என்று ஒன்று வந்தது. அரசின் அதிகாரத்தோடு வெளியாகும் தொகுதிகளைத் தவிர வேறு தொகுதிகளில் வரும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைக் கேட்க எந்த நீதிமன்றமும் கட்டுப்பட்டதல்ல என்று அது சொன்னது. அடுத்த ஆண்டிலிருந்து ஐ.எல்.ஆர். வரிசை தொடங்கியது. கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை. தனியாரும் சும்மா இருக்கவில்லை. 1891இல் மெட்ராஸ் லா ஜர்னல் வந்தது. 1914இல் ஆல் இந்தியா ரிப்போர்ட்டர், நாம் ஏ.ஐ.ஆர். என்று சொல்வது. சட்டம் கட்டுப்பட்டதல்ல என்றுதான் சொன்னது, கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. அந்தச் சந்து வழியாகவே தனியார் தொகுதிகள் பெருகின.

எந்தத் தீர்ப்பை அச்சிடுவது என்று ஒரு தொகுப்பாசிரியர் முடிவுசெய்கிறார். அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: இதில் புதிய சட்டக் கருத்து ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அச்சு, இல்லாவிட்டால் இல்லை. வியாபாரமாகப் பார்த்தால் அது நியாயமான அளவுகோல்தான். ஆனால் நம்முடைய வழக்குகளைப் பாருங்கள். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லை, அடித்தார்கள், குடிசையைக் கொளுத்தினார்கள், சாட்சி பிறழ்ந்தது, விடுதலை. இதில் புதிய சட்டக் கருத்து எங்கே இருக்கிறது? புதிதாக ஒன்றும் இல்லாததுதான் இதன் கொடுமையே. ஆயிரம் தடவை நடந்தது ஆயிரத்தோராவது தடவை நடப்பது தொகுதிக்குச் செய்தியாகாது. அதோடு இந்த வழக்குகளில் பெரும்பான்மை செஷன்ஸ் நீதிமன்றத்தோடு முடிந்துவிடுகின்றன. மேல்முறையீட்டுக்குப் பணமில்லை, தெம்பில்லை, ஊரில் தொடர்ந்து வாழவேண்டியிருக்கிறது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு எந்தத் தொகுதியிலும் வராது. ஆக, சட்ட நூலகம் தீர்ப்புத் தொகுதிகளைச் சந்தா கட்டி வாங்கும்போது இரண்டு சல்லடைகளில் சலித்து விழுந்ததைத்தான் வாங்குகிறது. நம் வாழ்க்கை அந்தச் சல்லடைகளுக்கு மேலேயே தங்கிவிடுகிறது.

நாம் அந்தத் தொகுதிகளுக்குள் வருவது எப்போது என்றால், மேல்சாதியார் நம்மை எதிர்த்து வழக்குப் போடும்போது. இதற்கு மகாத்தைவிட நல்ல சான்று கிடையாது.

1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்கள். அதற்கு முன்பே 1923இல் பம்பாய் சட்டமன்றத்தில் போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியிருந்தது. மகாத் நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக 1924இல் அறிவித்திருந்தது. ஆனால் காகிதத்தில் திறந்த குளத்தில் கை வைத்தபோது அடி விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இரண்டாவது மாநாட்டுக்கு ஏற்பாடு நடந்தபோது சாதி இந்துக்கள் சிவில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பர் 12இல் வழக்கு, 14இல் தற்காலிகத் தடை. டிசம்பர் 25இல் மாநாடு கூடியது. தடை உத்தரவு இருந்ததால் குளத்துக்குப் போவதைத் தள்ளிவைத்தார்கள். மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள்.

வழக்கு பத்தாண்டு நடந்தது. 1937 மார்ச் 17இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் புரூம்ஃபீல்டு, வாடியா ஆகியோர் சாதி இந்துக்களின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தார்கள். தீர்ப்பு 1938ஆம் ஆண்டு ஏ.ஐ.ஆரில் பம்பாய்ப் பகுதியின் 146ஆம் பக்கத்தில் இருக்கிறது. நரஹரி தாமோதர் வைத்யா எதிர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் என்பது வழக்கின் பெயர். மாணவர்களே, போய்ப் படியுங்கள், அதிகப் பக்கங்கள் இல்லை. குளத்தைத் தாங்கள் மட்டுமே பயன்படுத்துவது நினைவுக்கெட்டாத காலத்து வழக்கம் என்பது வைத்யா தரப்பின் வாதம். அந்தப் பழமை நிரூபிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவ்வளவுதான். நிரூபித்திருந்தால் அந்த வழக்கம் நியாயமற்றதா, பொதுநலத்துக்கு எதிரானதா என்று பார்க்கவேண்டி வந்திருக்கலாம் என்று ஒரு வரியில் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். நாம் வென்றோம். ஆனால் தீண்டாமை தவறு என்பதற்காக அல்ல, தீண்டாமை போதிய அளவு பழையது என்று அவர்களால் காட்டமுடியாததற்காக.

அந்தச் சில பக்கங்கள் சட்ட நூலகத்தில் உறுதியாக இருக்கின்றன. மகாத்தில் எரிந்த புத்தகமும் அதே நூலகத்தில் இந்து சட்ட வரிசையில் கனத்த பைண்டிங்கோடு இருக்கிறது. எரித்தவர்கள் அன்று பந்தலில் என்ன பேசினார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள், ஏன் எரித்தார்கள் என்பதைச் சொல்லும் நூல்களைச் சட்ட அலமாரியில் தேடிப் பாருங்கள். அது 'அரசியல்', அது 'சமூகவியல்', அது வேறு கட்டடம் என்பார்கள்.

அம்பேத்கர் சட்டக் கல்லூரி நூலகங்களை உள்ளிருந்தும் அறிந்தவர். பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் 1935 ஜூன் முதல் 1938 வரை அவர்தான் முதல்வர். அந்தப் பதவியில் இருந்தபோதே, 1936இல், லாகூர் மாநாடு வேண்டாம் என்று சொல்லிவிட்ட உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். சாதி ஒழிப்பு பற்றிய அந்த உரை சாத்திரங்களின் அதிகாரத்தை நேராக எடுத்துப் பேசுகிறது. சட்ட மாணவன் படிக்கவேண்டிய நூல் அதைவிட வேறென்ன? ஒரு சட்டக் கல்லூரியின் முதல்வர் எழுதியது. ஆனால் பல சட்டப் பாடத்திட்டங்களில் அது இல்லை. பாடத்திட்டத்தில் இல்லாததை வாங்க நூலகக் குழுவுக்குக் காரணம் இல்லை.

தமக்கென்று புத்தகம் சேர்த்த அம்பேத்கர் வேறுமாதிரியாக நடந்துகொண்டார். லண்டனிலிருந்து 1917இல் அவர் ஊர் திரும்பியபோது தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்கள் ஜெர்மானியத் தாக்குதலில் கடலுக்குள் போயின. பிறகு மறுபடியும் சேர்த்தார். தாதரில் ராஜகிருகம் கட்டியதே முக்கியமாக அந்தப் புத்தகங்களுக்காகத்தான். சட்டத்துக்குப் பக்கத்தில் பொருளாதாரமும் மானுடவியலும் மதமும் வரலாறும் இருந்த சேகரிப்பு அது. பெரும்பகுதி பின்னால் சித்தார்த்தா கல்லூரிக்குப் போனது. அந்தக் கல்லூரி 1946இல் மக்கள் கல்விக் கழகம் தொடங்கியது. 1956இல் சித்தார்த்தா சட்டக் கல்லூரியும் வந்தது.

ஆனால் அவர் எழுதி அச்சாகாமல் விட்டுச்சென்ற தாள்கள்? அவை பெட்டிகளில் கிடந்தன. அவர் மறைந்தபின் தில்லியில் நீதிமன்றப் பொறுப்பில் இருந்து, பிறகு மகாராஷ்டிர அரசின் சொத்து நிர்வாக அதிகாரி கைக்கு வந்தன. 1979இல்தான் அவருடைய எழுத்தும் பேச்சும் முதல் தொகுதியாக வெளிவந்தது. வசந்த் மூன் அந்த வேலைக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். தொகுதியாக வந்தபின் எல்லா நூலகமும் வாங்கியது. பெட்டியாக இருந்தவரை அது யாருக்கும் புத்தகமாகத் தெரியவில்லை. அய்யாவின் டிரங்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது எங்களுக்கு இந்தக் கதை தெரியாது. பிறகு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இன்றைக்கு விதி என்ன? இந்திய வழக்கறிஞர் மன்றம் 2008இல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின் மூன்றாம் அட்டவணையில் நூலகத்தின் குறைந்தபட்சத் தேவை எழுதப்பட்டிருக்கிறது. ஏ.ஐ.ஆர். கையேடு, மத்தியச் சட்டங்கள், மாநிலச் சட்டங்கள், கிரிமினல் லா ஜர்னல், எஸ்.சி.சி., கம்பெனி வழக்குகள், இந்தியன் பார் ரிவ்யூ, தொழில்நெறி பற்றிய தீர்ப்புகள், குறைந்தது பத்தாண்டுப் பழைய இதழ்கள். பாடநூல்கள் பதிவான ஒவ்வொரு மாணவருக்கும் பத்து என்ற கணக்கில். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 50,000 ரூபாய், இரண்டு வகைப் படிப்புகளும் இருந்தால் ஒரு லட்சம். கம்பெனி வழக்குகளுக்குப் பெயர் சொல்லி இடம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளுக்கு அப்படி ஒரு இடம் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. ஆணையங்களின் அறிக்கைகள் என்ற சொல்லும் இல்லை. இது குறைந்தபட்சம்தானே, மேலே எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கலாம். ஆனால் பணம் குறைவாக இருக்கும் இடத்தில் குறைந்தபட்சமே அதிகபட்சம் ஆகிவிடுகிறது. ஆய்வுக் குழு வரும் நாளில் தலையெண்ணிக்கையும் புத்தக எண்ணிக்கையும் ஒத்துப்போகவேண்டும். நூறு தலைப்புகளில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஒரே கைடைக் கட்டுக்கட்டாக வாங்குவது கணக்குக்குச் சுலபம். நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளில் பல இப்படித்தான் நிரம்பியிருக்கின்றன.

பட்டியலில் இருப்பதை வாங்கினாலும் நம்முடையது வந்து சேரும் என்று உத்தரவாதமில்லை. கர்நாடகத்தில் ஒரு கிராமத்தில் புதிதாகத் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் தலித்துகளைத் தண்ணீர் எடுக்கவிடாமல் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிய வழக்கு, அப்பா பாலு இங்களே வழக்கு. உயர் நீதிமன்றம் விடுவித்தவர்களை உச்ச நீதிமன்றம் 1992 டிசம்பர் 1இல் குற்றவாளிகள் என்றது. நீதிபதி கே. ராமசாமி தனியாக எழுதிய நீண்ட தீர்ப்பு தீண்டாமையின் வரலாற்றையே எடுத்துப் பேசுகிறது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இப்படியொரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வருவதற்கே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. ஏ.ஐ.ஆர். இதை 1993இல் வெளியிட்டது. வக்கீல்கள் அதிகம் கையாளும் எஸ்.சி.சி.யில் தேடினால் 1995ஆம் ஆண்டின் நான்காவது துணைத் தொகுதியில், 469ஆம் பக்கத்தில் கிடைக்கும். துணைத் தொகுதி என்றால் முதன்மை வரிசைக்கு வெளியே. இதில் யாரும் சதி செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தீர்ப்புகள் குவிந்துகிடந்த காலம் அது. ஆனாலும் தீண்டாமைக் குற்றத்தைப் பற்றி நாட்டின் உச்ச நீதிமன்றம் அவ்வளவு விரிவாகப் பேசிய தீர்ப்பு, மூன்றாண்டு கழித்துத் துணைத் தொகுதியில் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இளையபெருமாள் அறிக்கைக்கு வருகிறோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். காட்டுமன்னார்கோயில் மண்ணின் எல். இளையபெருமாள் தலைமையில் மத்திய அரசு 1965இல் ஒரு குழுவை அமைத்தது. நாடு முழுதும் சுற்றித் தீண்டாமை எப்படி இருக்கிறது என்று பார்த்து 1969இல் அறிக்கை கொடுத்தார்கள். 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் பல்லில்லாதது என்று காட்டிய அறிக்கை அது. 1976இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் ஆனதற்குப் பின்னால் அது இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கவேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது. அதைச் சுட்டிக்காட்டித்தான் தமிழ்நாடு அரசு அறநிலையச் சட்டத்தைத் திருத்தியது. அதை எதிர்த்துச் சேஷம்மாள் வழக்கு நடந்தது. 1972 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்ட வகுப்பில் சேஷம்மாளைப் படிக்காத மாணவர் கிடையாது. அந்தத் தீர்ப்புக்குள்ளேயே இளையபெருமாள் குழுவின் பரிந்துரை வருகிறது. ஆனால் குழுவின் பெயரைப் பார்த்துவிட்டு 'அந்த அறிக்கை எங்கே' என்று நூலகத்தில் கேட்ட எங்கள் மாணவத் தோழர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். தீர்ப்பு இருக்கிறது, தீர்ப்புக்குக் காரணமான சட்டம் இருக்கிறது, சட்டத்துக்குக் காரணமான அறிக்கை இல்லை.

ஏன் இல்லை? எளிய காரணம். அது கடையில் விற்ற புத்தகம் அல்ல. அரசு அச்சகத்தில் அச்சாகி அலுவலகங்களுக்குப் போனது. பதிப்பாளர் பட்டியலில் வராது, முகவர் கொண்டுவந்து காட்டமாட்டார், கழிவு கொடுக்கமாட்டார், எனவே கொள்முதல் கோப்பில் ஏறாது. யாராவது கேட்டு எழுதி வாங்கியிருந்தால்தான் வந்திருக்கும். கேட்கவேண்டிய இடத்தில் அன்று நம் ஆட்கள் எத்தனை பேர் இருந்தார்கள்? வந்திருந்தாலும் டூயி முறையில் 340இல் வைப்பார்களா, 305இல் வைப்பார்களா என்ற கேள்வி உண்டு. 340 சட்டம். 305 சமூகக் குழுக்கள். சாதி 305இல் இருக்கிறது. சட்டம் சாதியை என்ன செய்தது, சாதி சட்டத்தை என்ன செய்தது என்ற நூலுக்கு இரண்டு வீடு. பெரும்பாலும் இரண்டிலும் இடமில்லை.

இந்த வரிசையில் இன்னும் நிறைய உண்டு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் எழுதிய அறிக்கையும் 1892இல் அதன்மீது வந்த அரசாணையும் இல்லாமல் பஞ்சமி நிலச் சட்டத்தைப் பேசமுடியாது. அதைக் கேட்டு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பாதையும் கிணறும் எல்லோருக்கும் பொது என்று 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், அதன்மேல் வந்த அரசாணை. கீழ்த்தஞ்சை விவசாயக் கூலிப் பிரச்சினை பற்றி 1969இல் கணபதியா பிள்ளை ஆணையம் கொடுத்த அறிக்கை. இவையெல்லாம் சட்டம் பிறந்த இடங்கள். சட்ட நூலகத்தில் இவற்றின் தடம் அரிது.

கணபதியா பிள்ளையைச் சொன்னதும் வெண்மணியைச் சொல்லாமல் போகமுடியாது. 1968 டிசம்பர் 25. நாற்பத்து நான்கு பேர். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. காரும் நிலமும் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் நேரில் நடந்துபோய்த் தீவைத்திருப்பார்களா என்ற அந்தத் தீர்ப்பின் தர்க்கம் உங்களுக்கெல்லாம் தெரியும். உயர் நீதிமன்றத்தின் சொல் நூலகத்தின் வழியாக நம்மிடம் வந்தது. நாகப்பட்டினத்தில் கூண்டில் ஏறி நின்று, யார் வந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது என்று சொன்ன நம் மக்களின் சொல் எங்கே? அது வழக்குக் கட்டில். நீதிமன்றக் கட்டுகளுக்கு ஆயுள் உண்டு. 1917ஆம் ஆண்டு ஆவணங்கள் அழிப்புச் சட்டம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. குறிப்பிட்ட காலம் கழிந்தால் கட்டுகளை விதிப்படி அழிக்கலாம். விதிப்படி அழிப்பவரைக் குறைசொல்ல வழியில்லை. ஆகவே சட்டத்தின் நினைவு இப்படி வேலைசெய்கிறது: மேலே போகப் போகப் பதிப்பும் பைண்டிங்கும், கீழே வர வரக் கரையானும் அடுப்பும்.

இப்போது எல்லாம் கணினியில் வந்துவிட்டதே என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்மைதான். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்புகளை இலவசமாகத் தேடிப் படிக்கும் வசதியைத் திறந்தது. தமிழ் மொழிபெயர்ப்புகளும் வருகின்றன. மாவட்ட நீதிமன்ற உத்தரவுகளும் இணையத்தில் ஏறுகின்றன. இது பெரிய மாற்றம், குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் அது பின்னால் போய் 1970ஐயோ 1985ஐயோ கொண்டுவரவில்லை. புதிதாக ஒரு கேள்வியும் எழுந்திருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்த 15அ பிரிவின் பத்தாம் உட்பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் நடக்கும் எல்லா நடவடிக்கைகளும் காணொளியாகப் பதிவுசெய்யப்படவேண்டும் என்கிறது. பதிவானால் அவை எங்கே இருக்கும், எத்தனை காலம் இருக்கும், பாதிக்கப்பட்டவரின் பெயரும் முகமும் காக்கப்பட்டு ஆய்வாளர் எப்படிப் பார்க்கமுடியும்? சட்டக் கல்லூரி நூலகக் குழுக்கள் பேசவேண்டிய பொருள் இது. ஏதாவதொரு குழு பேசியதா என்று கேட்டு எழுதுங்கள். நூலகக் குழுவில் மாணவப் பிரதிநிதி இருந்தால் அவர் வழியாக எழுதுங்கள்.

பெயரைப் பற்றி ஒரு சொல். சென்னைச் சட்டக் கல்லூரிக்கு 1990இல் அம்பேத்கர் பெயர் வைக்கப்பட்டது. 2008 நவம்பர் 12 அன்று அந்த வாசலில் மாணவர்கள் அடித்துக்கொண்டதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதற்கு முந்தைய நாட்களில் ஒட்டப்பட்ட சுவரொட்டியில் கல்லூரிப் பெயரிலிருந்து அம்பேத்கர் விடுபட்டிருந்தது பிரச்சினையின் ஒரு தொடக்கம். ஒரு பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் இங்கே எப்போதும் சின்ன விஷயமாக இருந்ததில்லை. அன்று அடித்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே நூலகத்தில் படித்தவர்கள். இரு தரப்பும் சேர்ந்து படிக்கவேண்டிய எது அங்கே இருந்தது என்பதை விசாரணைகளில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, அய்யாவின் பெட்டிகள். நூலகரிடம் இரண்டாவது முறையும் போனோம். இந்த முறை ஒரு பட்டியலோடு. வழக்கு எண், ஆண்டு, ஊர், நீதிமன்றம், எத்தனை தாள் என்று முதல் பெட்டிக்கு மட்டும் எழுதி, தைத்து, அட்டை போட்டுக் கொடுத்தோம். பட்டியலை அவர் உடனே வாங்கிக்கொண்டார். அது புத்தகம் மாதிரி இருந்தது. பெட்டிகளைப் பற்றிக் குழுவில் வைக்கிறேன் என்றிருக்கிறார். வைத்தாலும் வைக்காவிட்டாலும் மீதி இரண்டு பெட்டிகளின் பட்டியலை முடிப்பது என்று அமைப்பில் தீர்மானித்திருக்கிறோம். சில கட்டுகளில் பாதிக்கப்பட்ட பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றைத் தனியாக எடுத்து, அவர்கள் குடும்பத்தைக் கேட்காமல் யாருக்கும் காட்டுவதில்லை என்றும் முடிவெடுத்தோம். இதில் எங்களுக்குள் வாதம் நடந்தது. முழுதாகத் திறந்துவிடவேண்டும் என்று இளையவர்கள் சொன்னார்கள். வாதம் இன்னும் முடியவில்லை.

விசாரணை நீதிமன்றத் தீர்ப்பின் கடைசிப் பக்கங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அரசுத் தரப்பு சாட்சிகள் வரிசை, சான்றாவணங்கள் வரிசை, அதற்குக் கீழே சான்றுப் பொருள்கள் வரிசை. அச்சுத் தொகுதிகளில் இந்தப் பக்கங்களை வெட்டிவிடுவார்கள், அதில் சட்டக் கருத்து இல்லை என்பதால். அய்யா அந்தப் பக்கங்களில்தான் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார். ஒரு கட்டில் இப்படி இருக்கிறது: சா.பொ. 1, பாதி எரிந்த புடவை. சா.பொ. 2, ஒடுங்கிய பித்தளைக் குடம். சா.பொ. 3, வலது கால் செருப்பு. மூன்றாவதற்குப் பக்கத்தில் அவர் எழுதியிருக்கிறார்: "இடது எங்கே? கேட்கவேண்டும்."

பட்டியல் வேலை அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அமைப்பின் அறையில் தொடங்கும். பென்சில் கொண்டுவாருங்கள், பேனா வேண்டாம். தாள்கள் பழையவை, மை பட்டால் போகாது.